வானில் வரையும் வெண்கோடு

காவிரி ஆறு கன்னட நாட்டைக் கடந்து தமிழ்நாட்டினுள் நுழையும் எல்லையில், ஒகேனக்கல் அருவிக்கு அண்மையில், கோபிநத்தம் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. கருநாடக மாநிலத்தில் இருந்தாலும் இங்கு வாழும் மக்கள் பலருக்கும் வீட்டு மொழி தமிழே. ஊரைச் சுற்றிலும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் காடுகள். தொடர்வண்டி நிலையமோ விமான நிலையமோ ஊரின் அருகில் இல்லை.

ஆயினும் கோபிநத்தத்து வானில் வானூர்திகள் செல்கின்றன. அவை மிக உயரத்தில் பறப்பதால் ஓசை தரையை எட்டுவது அரிது. சில நாள்களில், நீல வானில் சுண்ணக்கட்டியால் இழுத்தாற்போல் ஒரு வெண்கோடு மட்டும் தோன்றும். சில வேளைகளில் அது ஓரிரு நிமிடங்களில் மறைந்துவிடும். வேறு சில வேளைகளிலோ அகன்று, பரவி, மெல்லிய மேகமாகி நெடுநேரம் நிற்கும்.

அந்தக் கோடு எதனால் உண்டாகிறது? அது ஏன் ஒரு நாள் விரைந்து மறைகிறது, மற்றொரு நாள் நிலைத்து நிற்கிறது? வானூர்தியில் ஒருபோதும் ஏறாத சிற்றூர் மக்களின் ஆற்றையும் வயலையும் அது எவ்வாறு தொடுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

கனவும் நனவும்

வானில் பறக்கும் ஊர்தி பற்றிய எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. ஓட்டுபவன் இன்றியே இயங்கும் வானூர்தியைப் பற்றிய குறிப்பு புறநானூற்றில் உண்டு. சீவக சிந்தாமணியில் அரசி விசயை மயில் வடிவப் பொறியில் ஏறி வான்வழியே தப்பிச் செல்கிறாள். ஆனால் அவை புலவர்களின் கற்பனையில் பறந்தவை.

இந்தியாவின் வான்வழி அஞ்சல் பணியை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கினார். கராச்சியிலிருந்து அகமதாபாது வழியாகப் பம்பாய் வரை அவரே வானூர்தியைச் செலுத்தினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்து சேர்த்தார். ஒற்றை எந்திரம் கொண்ட அச்சிறு வானூர்தி சுமந்தது கடிதங்களையே.

இன்றைய நிலை வேறு. 2014ஆம் ஆண்டில் இந்தியாவின் உள்நாட்டு வானூர்திகளில் பயணம் செய்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 6.7 கோடி. 2023ஆம் ஆண்டில் அது 15.2 கோடியாயிற்று. ஒன்பதே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேற்பட்ட வளர்ச்சி இது. சிறு நகரங்களையும் வான்வழியில் இணைக்கும் 'உடான்' திட்டத்தின் முதல் வானூர்தி 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. அத்திட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டில் சேலத்திற்கும் சென்னைக்கும் இடையே வானூர்தி இயங்கத் தொடங்கியது.

இவ்வளர்ச்சியால் விளைந்த நன்மைகள் பல. தில்லியில் பணிபுரியும் ஒருவர், ஊரில் தாய் நோயுற்றாள் என்ற செய்தி கேட்ட அன்றே அவளருகில் போய்ச் சேர இயலுகிறது. உறுப்பு மாற்று அறுவைக்கு வேண்டிய உறுப்புகள் சில மணி நேரத்தில் நகர் விட்டு நகர் செல்கின்றன. துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தைக் காண முடிகிறது. எனவே வானூர்தியைத் தீயது என்று ஒதுக்கிவிட இயலாது. அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதையே அறிய வேண்டும். பயணச்சீட்டில் அச்சிடப்படாத விலை ஒன்று அதற்கு உண்டு.

எரிபொருளின் கணக்கு

வானூர்தியின் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. நன்கு தூய்மை செய்யப்பட்ட அவ்வெண்ணெயில் உள்ள கரிமம், எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்.

ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்கு மேல் எவ்வாறு கிடைக்கும் என்று வியப்புத் தோன்றலாம். கூடுதல் எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜனுடையது. ஒரு கரிம அணுவுடன் அதைவிட எடை மிகுந்த இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்வதால் விளைபொருளின் எடை கூடிவிடுகிறது.

இனி ஒரு பயணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சென்னைக்கும் தில்லிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். இவ்வழியில் பெரிதும் இயங்கும் ஏர்பஸ் 320 வகை வானூர்தி, மணிக்கு ஏறத்தாழ 2.5 டன் எரிபொருளைச் செலவிடும். பயணம் இரண்டே முக்கால் மணி நேரம் எனக் கொண்டால், செலவாகும் எரிபொருள் ஏறத்தாழ 7 டன். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 22 டன். வானூர்தியில் உள்ள 180 இருக்கைகளும் நிரம்பியிருந்தால், ஒருவருக்குரிய பங்கு ஏறத்தாழ 120 கிலோ. நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பினால், அக்குடும்பத்தின் பங்கு ஒரு டன்னை நெருங்கும்.

புதிய வகை எந்திரங்கள் இதைவிடக் குறைந்த எரிபொருளில் இயங்குகின்றன. இருக்கைகள் காலியாக இருந்தால் ஒருவருக்குரிய பங்கு கூடும். எனவே இக்கணக்கு துல்லியமான அளவன்று. அளவின் பருமனை உணர்த்துவது மட்டுமே.

இதே பயணத்தைத் தமிழ்நாடு விரைவு வண்டியில் மேற்கொண்டால் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் செல்ல வேண்டும். நேரமும் ஏறத்தாழ 33 மணி ஆகும். ஆனால் மின்சாரத்தால் இயங்கும் அவ்வண்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒருசேர இழுத்துச் செல்கிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தாலும், தொடர்வண்டியில் ஒருவருக்குரிய கார்பன் டை ஆக்சைடு வானூர்தியினும் பல மடங்கு குறைவு.

குறுந்தொலைவுப் பயணங்களில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையாகிறது. தரையிலிருந்து கிளம்பி உயரம் ஏறும்போதுதான் வானூர்தி மிகுதியாக எரிபொருளை உண்ணும். நெடுந்தொலைவு பறந்தால் அந்தச் செலவு பல கிலோமீட்டர்களுக்குப் பகிர்ந்துவிடும். சிறு தொலைவில், ஏறி முடித்தவுடன் இறங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறும்பயணத்திலேயே மிகுதி.

வெண்கோட்டின் கதை

எரிபொருளில் கரிமத்துடன் ஹைட்ரஜனும் உள்ளது. அது எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ எரிபொருளிலிருந்து ஒரு கிலோவுக்கும் சற்று மிகுதியான நீராவி வெளிவரும். அதனுடன் நுண்ணிய புகைக்கரித் துகள்களும் வெளியேறும்.

பெரிய வானூர்திகள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. அங்குக் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 40 அல்லது 50 பாகை வரை தாழ்ந்திருக்கும். எந்திரத்திலிருந்து வரும் வெப்பமான நீராவி அக்கடுங்குளிர்க் காற்றில் கலந்தவுடன், புகைக்கரித் துகள்களைப் பற்றிக்கொண்டு பனித்துகள்களாக உறைகிறது. மார்கழி விடியலில் வாய்திறந்து ஊதினால் மூச்சுக்காற்று புகைபோலத் தோன்றுவதும் இதே முறையில்தான். வானில் தெரியும் வெண்கோடு, கோடிக்கணக்கான பனித்துகள்களின் வரிசையே.

சுற்றிலும் உள்ள காற்று வறண்டிருந்தால் பனித்துகள்கள் விரைவில் ஆவியாகிவிடும்; கோடு மறையும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அவை ஆவியாகாமல் மேலும் வளரும். கோடு அகன்று கீற்று மேகமாகப் பரவும். கோபிநத்தத்தில் ஒரு நாள் கோடு மறைவதற்கும் மறுநாள் நிலைப்பதற்கும் காரணம், கீழே உள்ள வெயிலோ காற்றோ அன்று. பத்துக் கிலோமீட்டருக்கு மேலே உள்ள ஈரப்பதமே.

இம்மேகம் அழகாயிருந்தாலும் தீங்கற்றதன்று. பகலில் அது கதிரொளியின் ஒரு பகுதியை வானுக்கே திருப்பி அனுப்பிச் சற்றுக் குளிர்ச்சி தரும். அதேசமயம் நிலத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்துப் போர்வைபோலவும் நிற்கும். இரவில் திருப்பி அனுப்பக் கதிரொளி இல்லை. போர்வையின் வேலை மட்டுமே நடக்கும். பகலிரவு இரண்டையும் சேர்த்துக் கூட்டினால், வெப்பத்தைக் கூட்டும் விளைவே மிஞ்சுகிறது என்பது அறிவியலாளர் கணிப்பு.

உலகில் மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் வானூர்திகளின் பங்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு. பனிமேகத்தையும், எந்திரங்கள் உமிழும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் விளைவையும் சேர்த்தால், மனிதரால் நேரும் வெப்பமாதலில் வானூர்திகளின் பங்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஆகும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். வெண்கோட்டு மேகம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடோ அவ்வாறு கலைவதில்லை. இன்று வெளியானதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் காற்றிலேயே தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் கோடு விரைந்து மறைகிறது. கண்ணுக்குத் தெரியாத வாயு, பயணம் செய்தவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கிறது.

சிறு பங்கா, பெரும் பங்கா?

மூன்று விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அதை யார் உண்டாக்குகிறார்கள் என்று கேட்டால்தான் அதன் முழுப் பொருள் விளங்கும். 2018ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே வானூர்தியில் பயணம் செய்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அடிக்கடி பறக்கும் மிகச் சிலரே பயணிகள் வானூர்திப் புகையில் பாதிக்குக் காரணம் என்பதும் அவ்வாய்வின் முடிவு. எஞ்சிய ஒன்பது பேர் அவ்வாண்டில் வானூர்திப் படிக்கட்டில் கால் வைக்கவே இல்லை.

ஆனால் வெப்பமாதலின் விளைவு அவ்வாறு கணக்குப் பார்த்துப் பங்கிடப்படுவதில்லை. காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்க முடியும். ஆகவே மழை பெய்யும் நாளில் கொட்டித் தீர்க்கும். பெய்யாத நாள்கள் நீளும். காவிரிக்கு நீர் தருவது குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அம்மழை நிலைதடுமாறினால் கோபிநத்தத்துக் கரையும், மேட்டூர் அணையும், தஞ்சை வயலும் ஒன்றன்பின் ஒன்றாகத் துன்புறும். பறந்தவர் ஒருவர், பயிர் இழப்பவர் மற்றொருவர். வானூர்தி பற்றிய பேச்சில் அறிவியலோடு அறமும் வந்து சேர்வது இவ்விடத்தில்தான்.

தரையில் விழும் தடம்

வானூர்தியின் தாக்கம் வானோடு முடிவதில்லை. அது கிளம்பவும் இறங்கவும் அகன்ற, சமமான நிலம் வேண்டும். பெங்களூருவில் 2008ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையம் தேவனஅள்ளி அருகே ஏறத்தாழ 4,000 ஏக்கரில் அமைந்துள்ளது.

சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தை விரிவாக்க, காமலாபுரம், பொட்டிபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் 500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுக்க 2018ஆம் ஆண்டில் முயற்சி நடந்தது. அது விளைநிலம் என்று உழவர்கள் எதிர்த்தனர். சென்னையின் இரண்டாம் விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவிக்கப்பட்டது. அதற்கு வேண்டிய நிலம் 5,000 ஏக்கருக்கும் மிகுதி. அதில் வயல்களும் ஏரிகளும் அடங்கும். ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் அன்றுமுதல் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை, தொழில் வளர வான்வழி வேண்டும் என்பது அரசின் வாதம். ஏரி போனால் நீர் எங்கே நிற்கும் என்பது ஊர் மக்களின் வினா. இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆதலின் இவ்வழக்கு எளிதில் தீரக்கூடியதன்று.

ஏரியைப் பற்றிய அவ்வினா வீணானதன்று என்பதற்குச் சென்னை விமான நிலையமே சான்று. அதன் இரண்டாம் ஓடுதளம் அடையாறு ஆற்றின்மீது பாலம் அமைத்து நீட்டிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை பெய்து அடையாறு கரைபுரண்டபோது, வெள்ளம் விமான நிலையத்தினுள் புகுந்தது. நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. அரக்கோணத்தில் உள்ள கடற்படை வானூர்தித் தளமான ராஜாளியிலிருந்து பயணிகள் வானூர்திகள் இயக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடப்பட நேர்ந்தது.

குறிப்பிட்ட ஒரு மழைக்கு வானூர்திகளே காரணம் என்று கூற இயலாது. மழைக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஆற்றின் வழியையும் ஏரியின் இடத்தையும் எடுத்துக்கொண்டால், மழை வரும்போது நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும் என்பது உறுதி.

ஒரு விமான நிலையத்தின் இரு முகம்

கேரளத்தின் கொச்சி விமான நிலையம் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், முழுவதும் கதிரவன் ஆற்றலால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்னும் பெருமையை அது பெற்றது. அங்கு 12 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைக்கப்பட்டது. அதற்காக 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் 'புவியின் வாகையர்' விருதும் அதற்குக் கிடைத்தது.

அதே 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பெரியாறு பெருக்கெடுத்து நிலையத்தை மூழ்கடித்தது. ஆகஸ்டு 15 முதல் 29 வரை அங்கு வானூர்திகள் இயங்கவில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. ஒன்று, கதிரவன் ஆற்றல் நிலையத்தின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் போதும்; அங்கிருந்து கிளம்பும் வானூர்தியை அது பறக்க வைப்பதில்லை. நிலையம் பசுமையாயினும் பயணம் பசுமையாகிவிடாது. மற்றொன்று, நல்ல முயற்சி செய்த இடத்தையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை. ஓரிடம் மட்டும் திருந்தினால் போதாது.

மாற்று வழிகள்

வானூர்தியின் தீங்கைக் குறைக்கப் பல வழிகளில் ஆய்வு நடக்கிறது.

முதலாவது, தாவர எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய், வேளாண் கழிவு ஆகியவற்றிலிருந்து எரிபொருள் செய்தல். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் தேராதூனிலிருந்து தில்லிக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட் வானூர்தியில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலந்து பயன்படுத்தப்பட்டது. தேராதூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் அதை உருவாக்கியது. செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரிமமே எரியும்போது திரும்பச் செல்வதால், புதிய கரிமம் மிகுதியாகச் சேர்வதில்லை. பன்னாட்டுப் பயணங்களில் இத்தகைய எரிபொருளை 2027இல் 1 விழுக்காடும், 2028இல் 2 விழுக்காடும், 2030இல் 5 விழுக்காடும் கலக்க இந்தியா இலக்கு வகுத்துள்ளது. ஆயினும் இதன் விலை மிகுதி. உணவுப் பயிர் விளையும் நிலத்தை எரிபொருள் பயிருக்குத் திருப்பிவிட்டால் வேறு துன்பம் விளையும்.

இரண்டாவது, மின்கலத்தால் பறத்தல். மகிழுந்துக்குப் பொருந்தும் இவ்வழி பெரிய வானூர்திக்குப் பொருந்துவது கடினம். ஒரு கிலோ விமான எரிபொருளில் அடங்கிய ஆற்றல், ஒரு கிலோ மின்கலத்தில் உள்ளதைவிட 40 மடங்கு அளவுக்கு மிகுதி. அவ்வளவு மின்கலத்தை ஏற்றினால் வானூர்தி தன் சுமையைத் தானே தூக்க இயலாது.

மூன்றாவது, பறக்கும் முறையை மாற்றுதல். மிகச் சில பயணங்களே நிலைத்து நிற்கும் பனிமேகங்களில் பெரும்பகுதியை உண்டாக்குகின்றன. ஈரம் மிகுந்த காற்றடுக்கை முன்கூட்டியே அறிந்து, சில நூறு மீட்டர் ஏறியோ இறங்கியோ பறந்தால் அம்மேகத்தைத் தவிர்க்கலாம். தரையிலும் சிக்கனம் செய்யலாம். 2019ஆம் ஆண்டு அக்டோபரில் ஏர் இந்தியாவின் வானூர்தி ஒன்று தில்லியில் தன் எந்திரங்களை இயக்காமலேயே, இழுவை ஊர்தியின் துணையால் ஓடுதளத்தை அடைந்தது.

நான்காவது வழி புதிய கண்டுபிடிப்பு எதையும் வேண்டுவதன்று. தரைவழியே செல்லக்கூடிய இடத்திற்குத் தரைவழியே செல்வதே அது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் மைசூருவுக்கும் சென்னைக்கும் இடையே வந்தே பாரத் விரைவு வண்டி தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் வண்டி அதுவே. மைசூருவிலிருந்து ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் அது சென்னையை அடைகிறது. பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரம். பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வானில் பறக்கும் நேரம் ஒரு மணிதான். ஆனால் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள விமான நிலையத்தை அடையவும், அங்குக் காத்திருக்கவும், இறங்கி மீண்டும் நகருக்குள் செல்லவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறிது.

தேர்ந்து தெளிதல்

எல்லாப் பயணங்களும் ஒரே தன்மையன அல்ல. கடல் கடந்து செல்வோர்க்கு இன்று வேறு வழியில்லை. தில்லியிலோ குவகாத்தியிலோ வாழும் குடும்பத்திற்கு விடுப்பு நாள்கள் குறைவு. இரண்டு நாள் வண்டியிலேயே கழிந்தால் பாட்டியுடன் இருக்கும் நாள்கள் குறையும். அப்பயணத்தைக் குற்றமாகக் கருதுவது முறையன்று. ஆனால் பெங்களூருவிலிருந்து சென்னைக்கோ, சென்னையிலிருந்து சேலத்திற்கோ செல்வோர்க்கு உண்மையாகவே வேறு வழி உண்டு. அங்கு வானூர்தி தேவையால் அன்றிப் பழக்கத்தால் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

பயணத்தைத் திட்டமிடும் குடும்பம் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். இவ்விடத்திற்கு ஒரே பகலிலோ ஒரே இரவிலோ தொடர்வண்டியில் செல்ல இயலுமா? ஆண்டில் இரண்டு முறை சிறு நாள்களுக்குப் பறப்பதற்கு மாறாக, ஒருமுறை சென்று நெடுநாள் தங்க இயலுமா? செல்லும்போது தொடர்வண்டி, திரும்பும்போது வானூர்தி என்று பகுத்துக்கொள்ள இயலுமா? மூன்றாம் வினாவுக்கு மட்டும் 'ஆம்' என்று விடை கிடைத்தாலும், அப்பயணத்தின் வான்வழிப் புகை பாதியாகிவிடும்.

தனி மனிதரின் தேர்வு மட்டும் போதாது என்பதும் உண்மை. விடுமுறைக் காலத்தில் தொடர்வண்டியில் படுக்கை கிடைக்காவிடில் மக்கள் வானூர்தியையே நாடுவர். வண்டிகளைப் பெருக்குவது, ஓடுதளம் அமைக்கும் முன் ஏரிகளைக் காப்பது, புகைக்கு உரிய விலையை அடிக்கடி பறப்போரிடம் பெறுவது ஆகியவை அரசுகளின் கடமை. அக்கடமையைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. கணக்கு அறிந்தவரே உரிமையோடு கேட்க முடியும்.

சிந்தித்து எழுதுக

1. வானூர்தியின் வெண்கோடு சில நாள்களில் விரைந்து மறைவதும் சில நாள்களில் நிலைத்து நிற்பதும் எதனால்?

2. ஒரு கிலோ எரிபொருளிலிருந்து மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு உண்டாவது எவ்வாறு?

3. கொச்சி விமான நிலையத்தின் வரலாறு உணர்த்தும் இரண்டு செய்திகளைச் சொந்த நடையில் எழுதுக.

4. உங்கள் குடும்பம் கடைசியாகச் சொந்த ஊருக்குச் சென்ற பயணத்தின் தொலைவு, ஊர்தி, நேரம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டு அட்டவணைப்படுத்துக. வேறு எவ்வழியில் சென்றிருக்கலாம் என்பதையும் குறிப்பிடுக.

5. பரந்தூர் விமான நிலையம் பற்றி அரசின் வாதத்தையும் ஊர் மக்களின் வாதத்தையும் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் எடுத்துரைக்க.